மோனைக்குக் கோடு போடத் தெரிகிறது, பாட்டு வாசிக்கத் தெரியவில்லை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் ஆறாம் வகுப்பு. மோனை, எதுகையை அடிக்கோடிடு என்றால் சரியாகப் போட்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறாள். அதே செய்யுளை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் மளிகைச் சீட்டு மாதிரி வாசிக்கிறாள். கதை எழுதச் சொன்னால் யார் பேசுகிறார்கள், எங்கே பேச்சு முடிகிறது என்றே தெரிவதில்லை. மேற்கோள்குறி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மூன்றுக்கும் தனித்தனியாக என்ன பயிற்சிப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நடுநிலை வகுப்புகளில் பல வருடம் தமிழ் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவை மூன்று குறைகள் அல்ல, ஒரே குறை. அவள் பாட்டைக் கண்ணால் மட்டும் படிக்கிறாள். கோடு போடுவது கண் வேலை, அது வந்துவிட்டது. காது இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை. புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். கொஞ்ச நாளைக்குப் பென்சிலை எடுத்து வைத்துவிடுங்கள், போதும்.

மோனையைச் செய்யுளில் தொடங்காமல் பழமொழியில் தொடங்குங்கள். 'கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பதைவிட நல்ல மோனைப் பாடம் எனக்குத் தெரியாது. முதலில் அதை அப்படியே சொல்லுங்கள். அப்புறம் வேண்டுமென்றே கெடுத்துச் சொல்லுங்கள்: 'கஞ்சியானாலும் குளித்துவிட்டுச் சாப்பிடு, கிழிந்த துணியானாலும் துவைத்து உடுத்து.' பொருள் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் எந்தக் குழந்தையும் முகத்தைச் சுளிக்கும். 'என்ன போச்சு?' என்று கேளுங்கள். கூ, கு, கு என்று வந்தது போச்சு, க, க, க போச்சு என்று அவளே சொல்வாள். இலக்கணப் பெயர் அதற்குப் பிறகு வந்தால் போதும். எதுகைக்கு 'ஆடிப் பட்டம் தேடி விதை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆடி மாதம் பார்த்து விதை' என்று மாற்றினால் அதே இழப்பு வேறு இடத்தில் தெரியும். சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்த கொன்றை வேந்தன் இங்கே நன்றாக உதவும். 'ஆலயம் தொழுவது சாலவும் நன்று', 'எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்', 'இல்லறம் அல்லது நல்லறம் அன்று' ஆகியவற்றை மெதுவாகச் சொல்லி, எந்த இரண்டு சொல் ஒன்றையொன்று கூப்பிடுகிறது என்று கேளுங்கள். ஆலயம், சாலவும் என்று கை காட்டுவாள். கடைசி அடியில் இல், அல், நல் என்று மூன்று கிடைக்கும். இந்த வரிகளை அவள் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பாள், கேட்டிருக்க மாட்டாள்.

விதிகளில் உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. மோனை என்பது முதல் எழுத்து ஒன்றி வருவது. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. அதோடு முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும், அதாவது குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கட்டு, பட்டு எதுகை. காட்டு, பாட்டு எதுகை. கட்டு, பாட்டு எதுகை ஆகாது. இந்த இரண்டாம் பாதியைப் பல பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் எழுத்தைப் பார்க்கும்போது இரண்டிலும் 'ட்' கண்ணில் பட்டுவிடுகிறது. வாய்விட்டுச் சொன்னால் பிசிறு தட்டுவது உடனே தெரியும். கடைசி எழுத்தோ சொல்லோ ஒன்றி வந்தால் இயைபு. மோனையில் உயிருக்கு மூன்று கூட்டம் உண்டு: அ, ஆ, ஐ, ஔ ஒன்று, இ, ஈ, எ, ஏ இன்னொன்று, உ, ஊ, ஒ, ஓ மூன்றாவது. மெய் எழுத்து ஒன்றாக இருந்தால் அதன் மேல் ஏறிய உயிரும் அந்தக் கூட்டத்துக்குள் இருக்க வேண்டும். கண், காடு, கை, கௌதாரி ஒரு வீடு. கிளி, கீரை, கெண்டை, கேணி ஒரு வீடு. குதிரை, கூடை, கொடி, கோலம் ஒரு வீடு. சமையலறையில் கண்ணில் படும் பொருளை எல்லாம் இந்த மூன்று வீட்டில் குடி வைக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் விளையாட்டாகிவிடும். குறளின் முதல் அடியிலேயே அகர, ஆதி என்று முதல் சீரும் (ஓசைக்காகப் பிரித்த துண்டுதான் சீர்) நான்காம் சீரும் மோனையாக வருவது அப்புறம் தானாகப் பிடிபடும்.

உங்கள் மகள் ஆங்கில வழியில் படித்தால் இங்கே ஒரு குழப்பம் நிச்சயம் வரும். ஆங்கில வகுப்பில் அலிட்டரேஷன் என்று சொல்லிக் கொடுப்பதில் மெய்யொலி ஒன்றாக இருந்தால் போதும், உயிர் எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. பீட்டர் பைப்பர் நாப்பயிற்சியில் பீ, பை, பி, பெ எல்லாம் கலந்துதான் வரும். அதே கணக்கை வைத்துக்கொண்டு 'கண்'ணையும் 'குதிரை'யையும் மோனை என்று கோடு போடுவாள். தப்பு என்று அடித்துவிட வேண்டாம். யாப்பருங்கலக் காரிகை என்ற செய்யுள் இலக்கண நூல் வருக்க மோனை என்று ஒன்றை ஏற்றுக்கொள்கிறது. அதன்படி ககர வரிசையில் எது வந்தாலும் மோனைதான். ஆக, அது முழுத் தவறல்ல, ஆனால் காதுக்கு அவ்வளவு நெருக்கமும் அல்ல. நான் வகுப்பில் 'இது தூரத்துச் சொந்தம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். சகரத்துக்குத் தகரம், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம் மோனையாக வரும் என்ற விதியையும் இந்த வயதில் தொடாமல் இருப்பது நல்லது. விதி சரியானதுதான். ஆனால் ச, த இரண்டும் ஒன்றை ஒன்று கூப்பிடுவதாக ஆறாம் வகுப்புக் காதுக்குக் கேட்பதில்லை. கேட்காததை நம்பச் சொன்னால் பிள்ளை மறுபடியும் கண்ணுக்கே திரும்பிப் போய்விடும். மோனையும் எதுகையும் அடியில் எந்தெந்தச் சீரில் வருகின்றன என்பதை வைத்துச் சொல்லும் இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை என்ற பெயர்ப் பட்டியலுக்கும் அதே பதில். தேர்வுக்கு வரும்போது ஒரு மாலையில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

சரி, வாசிப்புக்கு வருவோம். இதுதான் நீங்கள் கேட்டதில் கனமான பகுதி. செய்யுளைப் புத்தகத்தில் சீர் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். சீர் என்பது ஓசை அளவு, சொல் அளவு அல்ல. 'இனிய உளவாக இன்னாத கூறல் கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று' என்று இருக்கும். பிள்ளை 'காய்கவர்ந்' என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, 'தற்று' என்று முடிக்கும். தற்று என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கும். யாப்புக்காகச் சொல்லை இப்படிப் பிளப்பதை வகையுளி என்பார்கள். 'யாகாவா ராயினும்' என்பதும் அப்படித்தான்; யா, காவார், ஆயினும் என்று பிரித்தால்தான் 'எதைக் காக்காவிட்டாலும்' என்ற பொருள் கிடைக்கும். எனவே முதல் வாசிப்பு பொருளுக்காகச் சொல் பிரித்து நடக்கட்டும். இரண்டாம் வாசிப்பு சீர் பிரித்து, மேசையில் விரலால் தட்டிக்கொண்டு, ஓசைக்காக நடக்கட்டும். மூன்றாவதில் இரண்டையும் சேர்க்க வேண்டும். தாளம் உள்ளே ஓடிக்கொண்டிருக்க, நிறுத்தம் மட்டும் பொருள் கேட்கும் இடத்தில் விழ வேண்டும்.

நிறுத்தம் எங்கே விழும் என்பதற்குக் 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக' என்ற குறளை நான் எப்போதும் எடுப்பேன். முதல் அடி நான்கு சீரிலும் ககரம், முற்றுமோனை. அந்த வேகத்தில் எல்லாரும் 'கற்றபின்' வரை ஓடிப்போய் அடி முடிந்துவிட்டது என்று நின்றுவிடுகிறார்கள். ஆனால் 'கற்றபின்' முதல் அடியில் உட்கார்ந்திருக்கிறதே தவிர, அதன் பொருள் இரண்டாம் அடியோடு போகிறது. கற்பவற்றைக் கசடறக் கற்க. கற்ற பிறகு அதற்குத் தக்கபடி நிற்க. நிறுத்தம் 'கற்பவை'க்குப் பிறகு வர வேண்டும். 'யாகாவா ராயினும் நாகாக்க காவாக்கால்' என்பதிலும் அதே வேலை நடக்கிறது: 'நா காக்க' என்று நின்றுவிட்டு, 'காவாக்கால்' என்பதை அடுத்த அடிக்குக் கொடுக்க வேண்டும். 'இங்கே ஒரு காற்புள்ளி வைக்கலாம் என்றால் எங்கே வைப்பாய்?' என்று மகளிடம் கேளுங்கள். அவள் தப்பான இடத்தில் வைத்தால், அங்கே நிறுத்தி அவளையே வாசிக்கச் சொல்லிப் பொருள் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்தற்குறி என்பது குரல் நிற்கும் இடத்துக்கு ஓர் அடையாளம் என்பது இங்கேதான் அவளுக்குப் புரியத் தொடங்கும். மூன்றாவது சிக்கலுக்கான வாசல் இதுதான்.

பாரதியின் பாப்பாப் பாட்டிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. 'ஓடி விளையாடு பாப்பா' என்று முடித்து, ஒரு கோடு போட்டு, 'நீ' என்று தனியாக நிற்கும். பிள்ளைகள் 'பாப்பா நீ' என்று சேர்த்துப் பாடிவிட்டு நிற்பார்கள். அந்த 'நீ' கீழ் வரியின் சொத்து: 'நீ ஓய்ந்திருக்கலாகாது'. அடுத்த 'ஒரு'வும் அப்படியே, 'ஒரு குழந்தையை வையாதே.' இந்த நான்கு வரியில் ஓடி, ஓய்ந்து மோனை, கூடி, குழந்தை மோனை, ஓடி, கூடி எதுகை, பாப்பா இயைபு. ஆறு வயதுப் பிள்ளைக்கும் பாட வரும் பாட்டுக்குள் இவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று காட்டினால் பெரிய பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

ராகம் போட்டு ஒப்பிப்பதைப் பற்றி ஆசிரியர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. வகுப்பே சேர்ந்து ராகமாகக் கத்தினால் பொருள் செத்துவிடும் என்பது ஒரு கட்சி. அப்படிப் பாடினால்தான் மனதில் நிற்கும் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. மனப்பாடம் ஆகும்வரை ராகத்தைத் தடுக்காதீர்கள். மனப்பாடம் ஆன பிறகு அதே பாட்டை ராகம் இல்லாமல், எதிரே இருக்கும் ஒருவரிடம் சொல்வது போலச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறும் இடமெல்லாம் பொருள் புரியாத இடம். உச்சரிப்பையும் இந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்' என்ற பழைய நாப்பயிற்சியில் ஏழை, வாழை எதுகையாக நிற்கின்றன. ஒன்றில் ழகரமும் மற்றதில் ளகரமும் வந்தால் எதுகையே கெட்டுப்போகும் என்று காட்டிவிட்டால், 'ழ சரியாகச் சொல்லு' என்று தினமும் சொல்ல வேண்டியதில்லை.

இனி பேச்சை எழுதுவது. தமிழில் ஒருவர் பேசியது எங்கே முடிகிறது என்பதை 'என்று', 'என' என்ற சொற்கள் சொல்லிவிடும். எங்கே தொடங்குகிறது என்று சொல்லத்தான் சொல் கிடையாது. ஓலைச்சுவடியில் மேற்கோள்குறியும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. அவை அச்சோடு ஐரோப்பியர் வழியாக வந்தவை. அதுவரை 'என்று' ஒன்றை வைத்துக்கொண்டே சமாளித்தோம். உங்கள் மகளும் அதைத்தான் செய்கிறாள்: 'என்று' போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று நினைக்கிறாள். அவளிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள்: கண்ணன் அம்மா எங்கே என்று கேட்டான். குறி எதுவும் இல்லாமல் எழுதிக் கொடுத்து, மூன்று விதமாக வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணன், "அம்மா எங்கே?" என்று கேட்டான். அம்மாவைத் தேடுகிறான். கண்ணன், "அம்மா, எங்கே?" என்று கேட்டான். அம்மாவிடமே வேறு எதையோ கேட்கிறான். "கண்ணன் அம்மா எங்கே?" என்று கேட்டான். கேட்பவன் யாரோ, தேடப்படுபவர் கண்ணனின் தாய். எழுத்து ஒன்றும் மாறவில்லை. குரலில் மூன்றும் வேறு. அந்த வேறுபாட்டைத் தாளில் வைக்கத்தான் குறி. இதை வாயால் செய்து பார்த்த பிள்ளைக்கு அப்புறம் விதியை ஒரே தடவை சொன்னால் போதும்.

விதியும் அதிகம் இல்லை. பேசியவர் பெயருக்குப் பின் காற்புள்ளி, பேச்சைச் சுற்றி இரட்டை மேற்கோள்குறி, கேள்வியோ வியப்போ பேச்சுக்குரியது என்றால் அந்தக் குறி மேற்கோளுக்குள், அப்புறம் 'என்று'. பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு வந்தால் அதற்கு ஒற்றை மேற்கோள்குறி. ஆள் மாறினால் புதிய பத்தி. அயற்கூற்றில், அதாவது ஒருவர் பேசியதை நம் வாக்கியமாகத் திருப்பிச் சொல்லும்போது, மேற்கோள்குறி கிடையாது. அங்கே நான் என்பது தான் ஆகும், நாளை என்பது மறுநாள் ஆகும், இங்கே என்பது அங்கே ஆகும். முருகன், "நான் நாளை வருவேன்" என்று சொன்னான். முருகன் தான் மறுநாள் வருவதாகச் சொன்னான். இதோடு ஒரு சந்தி விஷயம். 'என்று சொன்னான்' என்பதில் ஒற்று மிகாது, 'எனச் சொன்னான்', 'வருவதாகச் சொன்னான்' என்பவற்றில் மிகும். 'என்றுச் சொன்னான்' என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம்.

ஆட்கள் ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. சாதாரண வாக்கியம் மேற்கோளுக்குள் முடியும்போது உள்ளே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு 'என்று' எழுதலாமா? சிலர் வைக்கிறார்கள், சிலர் வைப்பதில்லை. வாக்கியம் 'என்றான்' வரை ஓடுவதால் நான் வைப்பதில்லை. வைத்த பிள்ளைக்கு மதிப்பெண்ணும் குறைப்பதில்லை. பள்ளியில் எதைக் கேட்கிறார்களோ அதன்படி எழுதட்டும். இன்னொன்று, வீட்டில் நாம் 'முருகன் நான் நாளைக்கு வர்றேன்னு சொன்னான்' என்றுதான் பேசுகிறோம். நேர்கூற்றும் இல்லை, அயற்கூற்றும் இல்லை, இரண்டும் கலந்தது. அதையே எழுத்தில் குறியில்லாமல் இறக்கும்போதுதான் 'நான்' யார் என்ற குழப்பம் வருகிறது. பேச்சில் அது தவறல்ல என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். மேற்கோளுக்குள் பேச்சுத் தமிழ் எழுதலாமா என்றும் கேட்பார்கள். கதை என்றால் தாராளமாக எழுதட்டும். பாட்டியை இலக்கணத் தமிழில் பேச வைத்தால் பாட்டி மாதிரியே இருக்காது. தேர்வுத் தாளில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

மூன்றையும் ஒரே இடத்தில் பழக இரண்டு குறள்களைச் சொல்கிறேன். இரண்டும் புலவி நுணுக்கம் அதிகாரத்தில் இருப்பவை. இன்பத்துப்பாலா என்று பதற வேண்டாம். 'வழுத்தினாள் தும்மினே னாக அழித்தழுதாள் யாருள்ளித் தும்மினீர் என்று.' கணவன் தும்முகிறான். மனைவி 'நீடு வாழ்க' என்று வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயோடு, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். மேற்கோள் எங்கே திறக்கிறது, கேள்விக்குறி எங்கே என்று கேளுங்கள். "யாருள்ளித் தும்மினீர்?" என்று. இது சுலபம். அடுத்தது, 'யாரினும் காதலம் என்றேனா ஊடினாள் யாரினும் யாரினும் என்று.' அவன் 'எல்லாரையும்விட நாம் காதல் மிகுந்தவர்கள்' என்று பெருமையாகச் சொன்னான்; அவள் 'யாரைவிட? யாரைவிட?' என்று கோபித்துக்கொண்டாள். 'யாரினும்' என்ற ஒரே சொல் முதலில் அமைதியாக வருகிறது, அப்புறம் இரண்டு முறை கேள்வியாக வெடிக்கிறது. குறி போட்டால்: "யாரினும் காதலம்" என்றேனா, ஊடினாள், "யாரினும்? யாரினும்?" என்று. ஒரே சொல்லை மூன்று குரலில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கேள்விக்குறி பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் வளர்ந்த பிறகு சிலப்பதிகார வழக்குரை காதையில் கண்ணகி வாயில்காவலனிடம் பேசும் இடத்தைக் கொடுங்கள். 'வாயி லோயே வாயி லோயே, அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து இறைமுறை பிழைத்தோன் வாயி லோயே, இணையரிச் சிலம்பொன் றேந்திய கையள் கணவனை யிழந்தாள் கடையகத் தாளென்று அறிவிப் பாயே அறிவிப் பாயே, என.' அறி, பொறி, இறை என்று றகர எதுகை அடுக்கி வருவதை முதலில் கேட்கட்டும். இணை, கணவனை என்று ணகரம்; கணவனை, கடையகத்தாள் என்று மோனை. அடுத்து, யார் யாரிடம் பேசுவது என்று பார்க்கட்டும். கண்ணகி காவலனிடம் பேசுகிறாள். ஆனால் அதற்குள் அவன் போய் அரசனிடம் சொல்ல வேண்டிய செய்தியும் இருக்கிறது. 'கடையகத்தாள் என்று' என்ற இடத்தில் உள் பேச்சு முடிகிறது. 'அறிவிப்பாயே என' என்ற இடத்தில் வெளிப் பேச்சு முடிகிறது. ஒற்றைக்குறி உள்ளே, இரட்டைக்குறி வெளியே. உள் பேச்சு எங்கே திறக்கிறது, 'இணையரி'யிலா 'கணவனை'யிலா? நான் 'இணையரி'யில் திறப்பேன். 'கணவனை'யில் திறக்க வேண்டும் என்று வகுப்பில் சண்டை போட்ட பிள்ளைகள் உண்டு, அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது. முதல் 'வாயிலோயே'க்கும் மூன்றாவதுக்கும் குரல் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நேரக் கணக்குக் கேட்டிருந்தீர்கள். தினம் பத்து நிமிடம், ஒரு பழமொழி அல்லது ஒரு குறள், அதற்கு மேல் வேண்டாம். நீங்களும் வாசியுங்கள், பெரியவர்கள் வாசித்துக் கேட்காத பிள்ளைக்கு வாசிப்பு வராது. இவ்வளவுக்குப் பிறகும் அவள் வாசிக்கும்போது எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன, வரி தாவுகிறது, தெரிந்த சொல்லையே ஒவ்வொரு முறையும் எழுத்துக் கூட்டுகிறாள் என்றால், அது நான் சொன்ன விஷயங்களில் அடங்காது. தமிழாசிரியனுக்கு அதில் பயிற்சி கிடையாது. கற்றல் குறைபாட்டைப் பார்க்கும் சிறப்பு ஆசிரியர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள், அதைப் பாட்டு வாசித்துச் சரிசெய்ய முயன்று நாளைக் கடத்த வேண்டாம்.